புகையிலைக்குப் பதம்தான் விலை
பாடம் செய்யும்போது ஈரத்தைக் கவனியுங்கள்

புகையிலை சாகுபடியில் பாதி வேலைதான் வயலில் நடக்கிறது. மீதிப் பாதி களத்தில் நடக்கிறது. நாற்று விட்டு, நட்டு, நீர் பாய்ச்சி, முனை கிள்ளி, சிம்பு ஒடித்து நாலு மாதம் பாடுபட்டு வளர்த்த பயிரின் விலையை, அறுவடைக்குப் பிந்திய சில வாரங்களே தீர்மானிக்கின்றன. அந்தச் சில வாரங்களில் இலையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதே முக்கியம். ஈரம் அதிகமானால் இலை அழுகும், பூசணம் பிடிக்கும். குறைந்தால் தொட்ட இடத்தில் நொறுங்கும். இரண்டுக்கும் நடுவிலே உள்ள நிலையைத்தான் ‘பதம்’ என்கிறோம்.

திண்டுக்கல், வேடசந்தூர், ஈரோடு, வேதாரண்யம் வட்டாரங்களில் மெல்லும் புகையிலை பல தலைமுறைகளாகப் பயிராகி வருகிறது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் சிகரெட்டுக்கென்று விளையும் வர்ஜீனியா புகையிலையைப் புகையிலை வாரியத்தின் ஏல மேடைகளில் விற்கிறார்கள். குண்டூரில் 1976-ஆம் ஆண்டு அமைந்த அந்த வாரியத்தின் ஏலத்தில் நமது மெல்லும் புகையிலைக்கு இடம் இல்லை. வியாபாரி களத்துக்கு வருகிறார், சிப்பத்தில் கையை விட்டு நாலு இலையை உருவுகிறார், கசக்கிப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், விலை சொல்கிறார். தராசுக்கு முன்னால் அவருடைய கைதான் இலையை நிறுக்கிறது. ஆகவே, அவர் கை எதைத் தேடுகிறது என்பதை விவசாயியின் கை அவருக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இலையில் உள்ள நீர்

செடியில் நிற்கும் பச்சை இலையில் 80 முதல் 90 சதவீதம் வரை தண்ணீர்தான். 85 சதவீதம் நீர் உள்ள 100 கிலோ பச்சை இலையில் உலர்பொருள் 15 கிலோ மட்டுமே. பாடம் முடிந்து 18 சதவீத ஈரத்தில் நிற்கும்போது அதன் எடை ஏறக்குறைய 18 கிலோதான் வரும். அதாவது, 80 கிலோவுக்கு மேற்பட்ட தண்ணீரை நாம் வெளியேற்றுகிறோம். இதை எவ்வளவு வேகத்தில் வெளியேற்றுகிறோம் என்பதில்தான் இலையின் நிறமும் மணமும் இருக்கின்றன.

வெட்டிய பிறகும் இலை உடனே செத்துவிடுவதில்லை. சில நாட்கள் அதற்கு உயிர் இருக்கும். அந்த நாட்களில் இலைக்குள் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது; பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகிறது; அதன் பின்னர் பழுப்பு நிறம் ஏறுகிறது. இந்த மாறுதல்கள் நடக்க இலைக்குள் ஈரம் இருந்தாக வேண்டும். முதல் நாளே கடும் வெயிலில் காயப்போட்டால் மாறுதல் நடக்கும் முன்பே இலை காய்ந்து, பச்சை நிறம் அப்படியே நின்றுவிடும். பச்சை நின்ற இலையில் காரமும் கசப்பும் இருக்கும், மணம் இராது. பிறகு எத்தனை நாள் புழுங்க வைத்தாலும் அந்தக் குறை முழுவதும் நீங்காது.

அறுவடை நாளில்

நட்ட 110 முதல் 120 நாட்களில் பயிர் முதிர்ச்சி அடையும். இலை தடித்து, மேற்பரப்பு மேடு பள்ளமாகி, செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும். இலையை மடித்தால் மடக்கென்று ஒடியும். இந்த அடையாளங்கள் வந்த பிறகே வெட்ட வேண்டும். இளம் இலையில் நீர் அதிகம், சாரம் குறைவு. அது பாடத்தில் சுருங்கி எடையும் குறையும்.

அறுவடைக்கு முன் சில நாட்கள் நீர் பாய்ச்சுவதை நிறுத்துவது நல்லது. பனி முழுவதும் காய்ந்த பிறகு செடியை அடியோடு வெட்டி, அதே இடத்தில் வாடவிட வேண்டும். இலை துவண்ட பிறகு தூக்கினால் காம்பு முறியாது, இலை கிழியாது. மாலையில் களத்துக்குக் கொண்டுவந்து அடுக்கி வைத்து, பிறகு கயிற்றில் கட்டிப் பந்தலில் தலைகீழாகத் தொங்கவிடுவது வழக்கம். செடிக்குச் செடி காற்று புகும்படி இடைவெளி இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று நெருக்கிக் கட்டினால் நடுவில் உள்ள இலைகள் வியர்த்துக் கறுத்து அழுகிவிடும். திடீர் மழைக்கு மூட ஓலைத் தட்டியோ தார்ப்பாயோ பக்கத்திலேயே இருக்கட்டும்.

பாடம் செய்யும் முறை ஊருக்கு ஊர் வேறுபடும். திண்டுக்கல், ஈரோடு பக்கம் வெயிலில் உலர்த்துவார்கள். வேதாரண்யம் பக்கம் குழியில் இட்டுப் பாடம் செய்யும் முறை உண்டு. யாழ்ப்பாணப் புகையிலையைத் தேங்காய் மட்டை எரித்த புகையில் பதப்படுத்துவார்கள். முறை எதுவானாலும் ஈரத்தைப் பற்றிய விதி ஒன்றுதான்.

பதம் பார்ப்பது எப்படி?

உலர்ந்த புகையிலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. மத்தியானம் அப்பளம் போல நொறுங்கும் இலை, விடியற்காலையில் துணி போலத் துவளுவதைப் பார்த்திருப்பீர்கள். இதனால், இலையை எடுக்க, உருவ, கட்ட, அடுக்க எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்க வேண்டும். கருவி எதுவும் இல்லாமலே கையால் பதம் காணச் சில வழிகள் உண்டு.

முதலாவது, பிடி சோதனை. ஒரு கைப்பிடி இலையை மெதுவாக அழுத்திப் பிடித்து விடுங்கள். சடசடவென்று முறிந்தால் வறட்சி. கசங்கியபடியே உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. நொறுங்காமல் மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் பதம் சரி.

இரண்டாவது, விரல் சோதனை. இலையின் ஓரத்தை ஆள்காட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்ற வேண்டும். அதே சமயம் விரலில் ஈரமோ பிசுபிசுப்போ ஒட்டக் கூடாது.

மூன்றாவது, காம்பு சோதனை. இதுதான் மிக முக்கியம். பலர் இலைப் பரப்பைத் தொட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நடுக்காம்பின் அடிப்பக்கத்தை வளைத்துப் பார்க்க வேண்டும். பகல் வேளையில் அது ‘டக்’கென்று முறிய வேண்டும். ரப்பரைப் போல வளைந்தால் உள்ளே இன்னும் பச்சை நீர் இருக்கிறது என்று பொருள். இலை காய்ந்து, காம்பு காயாத நிலையில் அடுக்கினால் அந்தக் காம்பிலிருந்து ஈரம் கசிந்து, பக்கத்து இலைகளையும் கெடுத்துவிடும். ஒரு சிப்பத்தில் பத்து இலைக்குக் காம்பு ஈரம் இருந்தாலும் போதும். பூசணம் அங்கிருந்து கிளம்பும்.

காம்பு சோதனையைப் பகலிலும், பிடி சோதனையை விடியற்காலையிலும் செய்வது உசிதம். ஏனெனில், காலைப் பனியில் காம்பும் சற்று இளகி நம்மை ஏமாற்றும்.

வறண்ட இலைக்கு ஈரம் ஏற்றுதல்

தை, மாசி மாதங்களில் இயற்கையே இந்த வேலையைச் செய்து கொடுக்கிறது. பந்தலில் நன்றாக உலர்ந்த செடிகளை இரவு முழுவதும் திறந்தபடி விட்டால் பனியை வாங்கிக்கொண்டு இளகும். வெயில் ஏறுமுன் இறக்கி, நிழலில் அடுக்கி, சாக்கால் மூடிவிட்டால் அன்று பகல் முழுவதும் இலை உருவும் வேலையைச் செய்யலாம். வெயில் வந்த பிறகு இறக்கத் தொடங்கினால் பாதி இலை தூளாகிவிடும். முழு இலைக்கு ஒரு விலை, நொறுங்கிய தூளுக்கு வேறு விலை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பனி இல்லாத வருஷத்தில், அல்லது பங்குனி வெயிலில் வேலை தள்ளிப்போனால், நாமே நீர் தெளிக்க வேண்டி வரும். இதில்தான் தவறுகள் மிகுதியாக நடக்கின்றன. கவனிக்க வேண்டியவை:

குடத்தை எடுத்து ஊற்றக் கூடாது. கையால் அள்ளித் தெளிப்பதும் சரியல்ல. பட்ட இடம் ஊறும், படாத இடம் நொறுங்கும். மெல்லிய தூவானமாக விழும்படி தெளிப்பானால் தெளிக்க வேண்டும்.

பூச்சி மருந்து அடித்த தெளிப்பானை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு உபயோகிக்கக் கூடாது. இதற்கென்று தனியாக ஒரு சிறிய கைத்தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிக்கும் நீர் சுத்தமாக இருக்க வேண்டும். குட்டை நீர், பாசி பிடித்த தொட்டி நீர் ஆகாது. அழுக்கு நீருடன் பூசண வித்துகளும் சேர்ந்தே இலைக்குப் போகும்.

தெளிப்பதை மாலையில் செய்யுங்கள். ஒரு அடுக்கு பரப்பி, தெளித்து, அதன் மேல் அடுத்த அடுக்கைப் பரப்பித் தெளித்து, கடைசியில் ஈரச் சாக்கால் மூடி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். நீர் பரப்பிலிருந்து உள்ளே பரவ இந்த நேரம் வேண்டும். விடிந்ததும் பிடி சோதனை செய்து பார்த்த பிறகே கட்ட வேண்டும்.

குறைவாகத் தெளித்துவிட்டால் இன்னொரு முறை தெளிக்கலாம். அதிகமாகத் தெளித்துவிட்டால் திரும்பவும் காய வைப்பது பெரும்பாடு. ஆகவே, எப்போதும் குறைவிலிருந்தே தொடங்குங்கள்.

சில பகுதிகளில் வெல்லமோ கருப்பட்டியோ கரைத்த நீரைத் தெளிக்கும் வழக்கம் உண்டு. இது மணத்துக்கும் சுவைக்கும் மட்டுமல்ல. இனிப்பு, ஈரத்தைப் பிடித்து வைத்து இலையை இளக்கமாக வைத்திருக்கும். ஆனால், பூசணத்துக்கும் இனிப்பு நல்ல உணவு. பாகு தெளித்த இலையைச் சரியாக ஆறவிடாமல் கட்டினால், தெளிக்காத இலையைவிட வேகமாகக் கெடும்.

கெண்டக்கி விவசாயியும் பனிக்குத்தான் காத்திருக்கிறார்

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்து விவசாயிகள் பர்லி என்ற புகையிலையைச் செடியோடு வெட்டி, பெரிய மரக் கொட்டகையில் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த பிறகு உடனே இறக்குவதில்லை. ஈரக் காற்று வீசும் நாள் வரும்வரை காத்திருந்து, இலை இளகிய பிறகே இறக்கி உருவுகிறார்கள்.

1864-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தின் பிரவுன் மாவட்டத்தில் வெளிறிய இலையுள்ள வெள்ளை பர்லி ரகம் கண்டறியப்பட்டது. இந்த ரகத்தின் இலை பாகை மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். இதனாலேயே மெல்லுவதற்கும், புகைக் குழாயில் இட்டுப் பிடிப்பதற்கும் செய்யப்படும் கட்டிப் புகையிலைத் தொழில் அங்கே பெரிதாக வளர்ந்தது. காம்பு நீக்கிய இலையை அதிமதுரம், சர்க்கரை கலந்த பாகில் நனைத்து, உலர்த்தி, மறுபடியும் அளவாக ஈரம் ஏற்றி, அச்சில் இட்டு அழுத்திச் செங்கல் போன்ற கட்டியாக்குகிறார்கள். ஈரம் போதாவிட்டால் கட்டி சேராமல் உதிரும். கூடினால் நடுவில் பூசணம் பூக்கும்.

அந்தக் கட்டியை வாங்குகிறவரும் அதே பதத்தைப் பார்க்கிறார். கத்தியால் மெல்லிய வில்லைகளாகச் சீவி, விரலால் உதிர்த்து, அதிக ஈரமாக இருந்தால் சற்று நேரம் காற்றில் ஆறவிடுகிறார். காய்ந்து போயிருந்தால் நீரை நேராக ஊற்றுவதில்லை. திறந்த டப்பாவின் மேல் ஈரத்துணியை வைத்து, அந்த ஆவியில் மெல்ல இளக வைக்கிறார். மாலையில் ஈரச் சாக்கு போட்டு மூடுகிறோமே, அந்த முறைதான் இது.

புழுக்கம் போடும்போது

உருவிய இலைகளைக் கட்டி, அடுக்கி, பாரம் வைத்துப் புழுங்க வைப்பது பாடத்தின் அடுத்த கட்டம். இலைக்குள் நடக்கும் ரசாயன மாறுதலாலும் நுண்ணுயிர்களாலும் அடுக்கின் நடுவில் சூடு கிளம்பும். அம்மோனியா வாடை வரும். நிறம் ஆழ்ந்து, காரம் தணிந்து, மணம் வரும். இந்தச் சூடு வேண்டியதுதான், ஆனால் அளவோடு இருக்க வேண்டும். நடுவில் சூடு 45 முதல் 50 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். தாமதித்தால் நடு இலைகள் கருகிக் கறுத்து, பிசின் போலாகிவிடும்.

நீளமான வெப்பமானி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு இரும்புக் கம்பியை அடுக்கின் நடுவரை செருகி, பத்து நிமிஷம் கழித்து உருவிக் கையில் பிடித்துப் பாருங்கள். இதமான சூடு என்றால் விட்டுவிடலாம். பிடிக்க முடியாத சூடு என்றால் அன்றே பிரியுங்கள். கம்பியில் ஈரம் முத்துமுத்தாக நின்றாலும், புளித்த வாடை வந்தாலும் ஈரம் மிகுதி என்று கொள்ளலாம். அப்போது பிரித்து நிழலில் ஆறவிட்டுத் திரும்ப அடுக்க வேண்டும். சூடே எழவில்லை என்றால் இலை வறண்டிருக்கிறது. லேசாகத் தெளித்து அடுக்கலாம்.

அடுக்கைத் தரை மேல் நேராக வைக்கக் கூடாது. பலகையோ மூங்கில் தட்டியோ போட்டு, அதன் மேல் பாய் விரித்து அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும்.

பாடம் செய்த இலையின் மேல் வெண்மையாகப் படிவதெல்லாம் பூசணம் அல்ல. நல்ல மெல்லும் புகையிலையில் உப்புகள் வெண்மையாகப் பூத்து நிற்பதுண்டு. வியாபாரிகள் அதை விரும்புவார்கள். உப்பு, தூள் போல இருக்கும், வாடை இராது. பூசணம், பஞ்சு போல இருக்கும், முக்கல் வாடை அடிக்கும், அடியில் இலை மெலிந்து போயிருக்கும்.

உவர் நீர்க் கிணறு உள்ளவர்களுக்கு

தமிழ்நாட்டில் மெல்லும் புகையிலையை உப்புச் சுவையுள்ள கிணற்று நீரிலும் பயிரிடுகிறோம். சிகரெட் புகையிலைக்கு இந்த நீர் ஆகாது. நீரிலுள்ள குளோரைடு இலையில் ஏறினால் இலை சரியாக எரியாது. மெல்லும் புகையிலைக்கு அந்தக் குறை பொருட்டல்ல. ஆனால், குளோரைடு மிகுந்த இலை காற்றிலுள்ள ஈரத்தை மற்ற இலைகளைவிட அதிகமாக இழுக்கும். ஆகவே, உவர் நீரில் விளைந்த இலைக்கு நீர் தெளிப்பதில் இன்னும் சிக்கனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம் வரை இருப்பு வைப்பவர்கள், இப்படிப்பட்ட சிப்பங்களை அடிக்கடி பிரித்துப் பார்க்க வேண்டும்.

எடை ஆசை

இனி ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 12 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ இலையில் உலர்பொருள் 88 கிலோ. அதே இலையை 18 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் எடை 107 கிலோ. 25 சதவீதத்துக்கு ஏற்றினால் 117 கிலோ. விலை கிலோக் கணக்கில் பேசப்படும்போது, விற்கும் நாளுக்கு முதல் நாள் இரவு இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாகத் தெளிக்கும் ஆசை வருவது இயற்கையே.

ஆனால், இந்தக் கணக்கு வியாபாரிக்கும் தெரியும். ஈர இலையைக் கண்டால் அவர் ஒன்றுக்கு இரண்டாக எடையைக் கழித்துக் கேட்பார். அல்லது, ‘இலை ஆறட்டும், பிறகு வருகிறேன்’ என்று போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் 25 சதவீத ஈரத்தில் கட்டிய சிப்பம் உள்ளுக்குள் புழுங்கிப் பூசணம் பிடித்திருக்கும். 17 கிலோ தண்ணீரை விற்கப் போய், 100 கிலோ இலையை இழந்தவராவோம். பதமான இலைக்கு நியாயமாகச் சேரும் 7 கிலோவே நமக்கு உரிய லாபம். அதைவிடக் குறைவாகக் காயவைத்து விற்பதும் நஷ்டமே என்பதையும் மறக்க வேண்டாம். இலையும் நொறுங்கும், எடையும் போகும்.

ஈர இலையும் நம் கையும்

இதுவரை இலையைப் பற்றிப் பேசினோம். அதைத் தொடும் கையைப் பற்றியும் பேச வேண்டும். புகையிலையிலுள்ள நிகோடின் நீரில் கரையக் கூடியது. தோல் வழியாக உடலுக்குள் போகக் கூடியது. உலர்ந்த இலையைவிட ஈர இலையிலிருந்து அது எளிதாக ஏறும். பனியில் நனைந்த வயலில் பச்சை இலையைத் தூக்கும்போது சட்டையும் உள்ளங்கையும் நனைந்து, அந்த ஈரத்தின் வழியே நிகோடின் ஏறுகிறது. சில மணி நேரத்தில் தலைசுற்றல், குமட்டல், வாந்தி, தலைவலி, சோர்வு, முகம் வெளிறிப்போதல் ஆகியவை காணும். ‘வெயில் தாக்கிவிட்டது’, ‘பித்தம்’ என்று நினைத்து நாம் விட்டுவிடுவதுண்டு. இதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்று பெயர். 1970-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மருத்துவர்கள் இதை முதலில் எழுதி வைத்தார்கள். பின்னர் அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் குஜராத் புகையிலைத் தொழிலாளர்களிடையே இதை ஆராய்ந்தது.

வீட்டில் வெற்றிலை புகையிலை போடாத பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தொல்லை அதிகமாக வரக்கூடும். அவர்கள் உடல் நிகோடினுக்குப் பழகியிருக்காது. களத்தில் உட்கார்ந்து இலை உருவுவதும் பெரும்பாலும் அவர்களே. ஆகவே, பின்வருவனவற்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

பச்சைச் செடியை வெட்டும் வேலையைப் பனி காய்ந்த பிறகே தொடங்குங்கள். மழையில் நனைந்த வயலில் இறங்க வேண்டாம். உலர்ந்த இலையை மட்டும் பனியில் எடுக்க வேண்டியிருப்பதால், அப்போது ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். சட்டை நனைந்தால் உடனே மாற்றுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட வேண்டாம், குழந்தையைத் தூக்க வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் ஈர இலையைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இந்த வேலையில் ஈடுபடுத்தாதீர்கள்.

தலை சுற்றினால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்து, நனைந்த துணியை மாற்றி, உடம்பை சோப்பால் கழுவி, தண்ணீர் குடிக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். புகையிலை வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பூச்சி மருந்து நஞ்சு என்றோ வெயில் நோய் என்றோ அவர் எண்ணக்கூடும்.

இலை நனைத்த நீர், தெளிப்பான் கழுவிய நீர் இவற்றை ஆடு மாடு குடிக்கும் இடத்தில் கொட்டக் கூடாது. சமைக்கும் அறையிலும் படுக்கும் அறையிலும் இலையை அடுக்குவதையும் தவிருங்கள்.

சிப்பம் கட்டி வைத்தல்

புழுக்கம் முடிந்து, சூடு முழுவதும் ஆறிய பிறகே சிப்பம் கட்ட வேண்டும். அளவு, நிறம், தடிப்பு ஆகியவற்றைப் பார்த்துத் தரம் பிரித்துக் கட்டுங்கள். ஈர இலையையும் உலர்ந்த இலையையும் கலந்து கட்டினால் சராசரியில் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஈர இலை இருக்கும் இடத்தில் பூசணம் முந்திக்கொள்ளும். சிப்பத்தைப் பாயிலோ சாக்கிலோ சுற்றி, காற்றோட்டமான அறையில் பலகை மேல் அடுக்குங்கள். பிளாஸ்டிக் தாளில் இறுக்கமாகச் சுற்றினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி வியர்க்கும். மழைக் காலத்தில் ஈரக் காற்று வீசும்போது ஜன்னலை மூடி, வெயில் நாளில் திறந்து வையுங்கள். மாதம் ஒரு முறையாவது ஒரு சிப்பத்தைப் பிரித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். ஊசி முனை போன்ற துளைகளும் தூளும் கண்டால் புகையிலை வண்டு வந்துவிட்டது என்று பொருள். அந்தச் சிப்பத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

ஈரம் மிகுந்த நிலையில் நீண்ட நாள் கிடக்கும் புகையிலையில் இன்னொரு கேடும் விளைகிறது. சில நுண்ணுயிர்கள் இலையிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது நிகோடின் முதலிய பொருட்களுடன் சேர்ந்து நைட்ரோசமைன் என்ற நச்சுப் பொருட்களை உண்டாக்குகிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் இவை முக்கியமானவை. சரியான பதத்தில் பாடம் செய்தால் இவை குறையலாம். ஆனால், எப்படிப் பாடம் செய்தாலும் புகையிலை தீங்கற்றதாகிவிடாது. மெல்லும் புகையிலை வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியான விஷயம். விளைவிக்கும் வீட்டிலுள்ளவர்களே அதை வாயில் அடக்கிக்கொண்டிருப்பதை நிறுத்துவது நல்லது.

வருங்காலத்தையும் யோசிக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு மத்திய அரசு புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 2013-இல் தமிழக அரசு குட்கா, பான் மசாலா விற்பனைக்குத் தடை விதித்தது. சந்தை இன்னும் விரியும் என்று நம்புவதற்கு இடமில்லை. புகையிலை விவசாயிகளுக்கு மாற்று வாழ்வுக்கு வழி காட்ட வேண்டும் என்றும் அந்த உடன்படிக்கை சொல்கிறது. கிணறும் நீரும் அனுமதிக்கிற இடங்களில் சின்ன வெங்காயம், முருங்கை, மக்காச்சோளம், மிளகாய் என்று ஒரு பகுதி நிலத்திலாவது மாற்றுப் பயிரைச் செய்து பார்த்து வருவது முன்யோசனை.

அதுவரை, நட்டு வளர்த்த பயிரை அழுகவிட்டு நஷ்டப்படுவதில் யாருக்கும் லாபம் இல்லை. இந்த வருஷம் பந்தலிலிருந்து இறக்கும்போது கீழ்க்கண்டவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

முதிர்ந்த பிறகே வெட்டுங்கள். பச்சை இலையைப் பனி காய்ந்த பின் தொடுங்கள்.

முதல் சில நாட்கள் மெல்ல உலரவிடுங்கள்.

காம்பு முறியும்வரை இறக்க வேண்டாம்.

உலர்ந்த இலையை விடியற்காலையில், கையுறை போட்டுக்கொண்டு இறக்குங்கள்.

நீர் தெளித்தால் சுத்தமான நீரை, தூவானமாக, மாலையில், குறைவாகத் தெளியுங்கள்.

அடுக்கில் கம்பி செருகிச் சூட்டைப் பாருங்கள்.

எடைக்காகத் தண்ணீர் ஏற்றாதீர்கள்.